ஆவணம் இல்லாதோரும் நம் பஞ்சாயத்தும்

(பஞ்சாயத்துத் தலைவர்கள், உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இத்தகைய வகுப்புகளில் கிணறு, பாதை, பள்ளிக் கட்டடம், வரி வசூல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். இன்று எடுத்துக்கொண்டுள்ள விஷயம் சற்று வேறானது. வேற்று நாட்டிலிருந்து பாஸ்போர்ட்டோ விசாவோ இன்றி வந்தவர்கள் ஒரு பஞ்சாயத்தின் எல்லைக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து வருகிறார்கள். அவர்கள் விஷயத்தில் அந்தப் பஞ்சாயத்து என்ன செய்யலாம், என்ன செய்தே தீர வேண்டும், எதில் தலையிடக் கூடாது? இது கற்பனையாக எழுப்பிய வினா அன்று. நம் மாநிலத்தில் பல கிராமங்கள் 40 ஆண்டுகளாக இவ்வினாவோடுதான் வாழ்ந்து வருகின்றன.

1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கையில் மூண்ட கலவரத்தைத் தொடர்ந்து, அந்நாட்டுத் தமிழர்கள் படகேறி நம் கரைக்கு வரத் தொடங்கினர். போர் மூளும் போதெல்லாம் வருகை பெருகும். சமாதானப் பேச்சு எழும்போது குறையும். இவ்வாறு அலை அலையாக 2010ஆம் ஆண்டு வரை வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது அரசின் கணக்கு. பலர் திரும்பிச் சென்றனர். சிலர் பிற நாடுகளுக்குப் போயினர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட விவரப்படி, 29 மாவட்டங்களில் உள்ள 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் இருந்தனர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்தவர்கள் மேலும் 34,087 பேர். சராசரி பார்த்தால் ஒரு முகாமுக்கு 545 பேர். நம்மில் சில தலைவர்கள் ஆளும் குக்கிராமங்களைவிட இது பெரிது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்முகாம்களிற் பல நகரத்தில் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்து லேனா விளக்கு, தோப்புக்கொல்லை, திருச்சி மாவட்டத்து வாழவந்தான்கோட்டை, மதுரை மாவட்டத்துத் திருவாதவூர், வேலூர் மாவட்டத்து மேல்மொணவூர் என்று ஊர்ப்புறங்களிலேயே அமைந்திருக்கின்றன. தொடக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்களிலும் கிடங்குகளிலும் தற்காலிகமாக இடங்கொடுத்தார்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம். நடுவே ஒரு சேலைத் திரை. சில மாதங்களுக்கென்று ஏற்பட்ட அந்த ஏற்பாட்டில் குழந்தைகள் பிறந்து, பள்ளி சென்று, மணமாகி, அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்துவிட்டன. 2021ஆம் ஆண்டில் 317 கோடியே 40 லட்சம் ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்து, பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட அரசு முடிவு செய்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. பெயர் மாறி இத்தனை ஆண்டுகளாகியும் நம் கூட்டங்களில் பழைய சொல்லே வாயில் வருகிறது. உறுப்பினர்கள் இதைக் கவனத்திற் கொள்வது நலம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவு செய்துவிட்டு மேலே செல்வோம். ‘சிலோன்காரர்கள்’ என்று ஊரில் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 1964ஆம் ஆண்டில் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வேறு. அவர்கள் இந்தியக் குடிமக்களாகப் பதிவு பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டுடன் தாயகம் திரும்பியவர்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் ஏற்படுத்தப்பட்டது அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான். முகாமில் உள்ளவர்களோ 1983க்குப் பிறகு உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள். எனினும் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட சிலரும் இருக்கிறார்கள். ஒப்பந்தப்படி விண்ணப்பித்துக் காத்திருந்த மலைநாட்டுக் குடும்பங்களுட் சில, காகிதம் கைக்கு வருமுன் கலவரம் வந்துவிட்டமையால் படகேறிவிட்டன. முன்னர்க் கப்பலில் முறைப்படி வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். பின்னர்ப் படகில் வந்த தம்பி முகாம்வாசி. இத்தகையோரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டுமென 2019ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதி மன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. வடமாநிலங்களிலிருந்து செங்கற் சூளைக்கும் நெல் நடவுக்கும் வருகின்ற தொழிலாளர்களையும் சிலர் இக்கூட்டத்திற் சேர்த்துப் பேசுகிறார்கள். அவர்கள் நம்மைப் போலவே இந்நாட்டின் குடிமக்கள். அவர்களைப் பற்றிய பேச்சு இங்கு வேண்டியதில்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் முதலிய பயண ஆவணங்கள் இன்றி நாட்டினுள் நுழைந்தவர் எவராயினும், 2003ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர் சட்ட விரோதமாகக் குடியேறியவரே ஆவார். பீரங்கிக் குண்டுக்கு அஞ்சி இரவோடிரவாகக் கடல் கடந்தவரிடம் விசா இருக்க முடியாது என்பதை அச்சட்டம் கேட்பதில்லை. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்திடவில்லை. ஆகவே அகதி என்றொரு தனி நிலையும் நம் சட்டப் புத்தகத்தில் இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு வழி செய்தது. இலங்கை அதிற் சேரவில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ், 2015ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதிக்குள் இந்நாட்டில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமை பற்றிய தண்டனையிலிருந்து விலக்களிக்கப்பட்டிருக்கிறது. சிறை அச்சம் நீங்கியது பெரிய ஆறுதல்தான். ஆனால் அவ்விலக்கு குடியுரிமையைத் தந்துவிடவில்லை.

இவ்விவரங்களையெல்லாம் எதற்காகச் சொல்கிறோம் என்று சிலர் நினைக்கலாம். எது நம் கையில் இல்லை என்பது முதலில் தெளிய வேண்டும் என்பதற்காகத்தான். குடியுரிமை, அந்நிய நாட்டார் ஆகிய விஷயங்கள் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் 17ஆவது இனம். நாட்டினுள் வருதல், வெளியேற்றுதல், பாஸ்போர்ட், விசா ஆகியவை 19ஆவது இனம். மாநில சர்க்காருக்கே இதிற் சுதந்திரமான அதிகாரம் இல்லாதபோது பஞ்சாயத்துக்கு ஏது? ஒருவர் இந்நாட்டில் இருக்கலாமா கூடாதா என்று ஆராய்வதும், வீடு வீடாகச் சென்று ஆவணம் கேட்பதும், ‘இன்னார் வெளியேற வேண்டும்’ என்று தீர்மானம் போடுவதும் நம் வேலை அல்ல.

நம் வேலை எது என்பதை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 110ஆம் பிரிவில் விவரித்திருக்கிறது. பாதை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, பொதுக் கழிப்பிடம், சுடுகாடு இடுகாடு, குடிநீர் என்று வரிசையாக வருகின்றன. அவ்வரிசை முழுவதையும் படித்துப் பாருங்கள். நிதி அனுமதிக்கும் அளவில் கிராமத்தின் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்றிருக்கிறதே ஒழிய, குடிமக்களின் தேவையை மட்டும் கவனிக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. அரசியலமைப்பிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். பேச்சுரிமை, தொழில் உரிமை ஆகியவை குடிமக்களுக்கு உரியவை. உயிருக்கும் உடற் சுதந்திரத்திற்கும் பாதுகாப்பளிக்கும் 21ஆவது ஷரத்தோ ‘எவரும்’ என்று பேசுகிறது. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா மக்களை வெளியேறச் சொல்லி அவ்வூர்க்காரர்கள் சிலர் நெருக்கியபோது, குடிமகனாயினும் அல்லாதவனாயினும் ஒவ்வொரு மனிதனின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று 1996ஆம் ஆண்டில் உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்தது. குடிநீரும் துப்புரவும் உயிரைச் சார்ந்தவை என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

‘எல்லாம் சரி ஐயா, அவர்கள் வீட்டுவரி கட்டுவதில்லையே! நம் ஜனங்கள் கொடுக்கும் பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவதா?’ என்று ஒன்றியக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். முகாம் வீடுகள் சர்க்கார் கட்டியவை. வீட்டுவரி வருவதில்லை என்பது மெய்யே. ஆனால் நம் பஞ்சாயத்துகளில் எத்தனை வீட்டுவரியை மட்டும் நம்பி நடக்கின்றன? மாநில நிதி ஆணையத்தின் மானியந்தான் பெரும்பாலும் நம்மைத் தாங்குகிறது. அம்மானியத்தைப் பங்கிடுவதற்கு மக்கள்தொகை ஒரு முக்கியமான அளவுகோல். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ ஓர் ஊரில் வழக்கமாக வசிப்பவர் அனைவரையும் எண்ணுகிறது. அவர் எந்நாட்டவர் என்று பார்த்துத் தள்ளுவதில்லை. ஆகவே முகாமில் உள்ள 500 தலைகளும் பஞ்சாயத்தின் பங்கை உயர்த்தவே செய்கின்றன. எண்ணிக்கையில் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு, தண்ணீர் திறக்கும்போது மட்டும் அவர்கள் வேற்றார் என்று சொல்வது கணக்குக்கும் ஒவ்வாது.

இன்னொரு யோசனையும் அவ்வப்போது நம் காதில் விழுகிறது. முறையான ஆவணம் இல்லாதவர்களுக்கு ஊரில் வீடு வாடகைக்கு விடக்கூடாது, வேலை கொடுக்கக்கூடாது என்று பஞ்சாயத்தே ஒரு கட்டுப்பாடு செய்துவிட்டால் என்ன? இதைச் செய்து பார்த்த ஊர்கள் உலகில் உண்டு. விளைவு என்ன ஆயிற்று என்பதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹேசல்டன் என்றொரு பழைய நிலக்கரிச் சுரங்க நகரம் இருக்கிறது. அங்கே லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த குடும்பங்கள் ஏராளமாக வந்து குடியேறின. முறையான அனுமதி இல்லாதவருக்கு வீடு விடும் உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் அபராதம், வேலை கொடுக்கும் வியாபாரியின் லைசென்ஸ் ரத்து என்று 2006ஆம் ஆண்டில் அந்நகர மன்றம் ஒரு சட்டம் செய்தது. வழக்குத் தொடரப்பட்டது. குடியேற்றம் மத்திய அரசின் விஷயம், நகர மன்றத்தின் விஷயம் அன்று என்று 2007இல் நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. நகர மன்றம் விடாமல் மேல் முறையீடு செய்து, 2014இல் உச்சநீதி மன்றமும் வழக்கை எடுக்க மறுத்த பின்னரே ஓய்ந்தது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்களுக்குச் செலவுத் தொகையாகச் சுமார் 14 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று மறு ஆண்டில் உத்தரவாயிற்று. சாலைக்கும் காவலுக்கும் போக வேண்டிய பணம்! இத்தனைக்கும் அக்குடும்பங்கள் போய்விடவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வினத்தாரே.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிவர்சைடு என்ற சிற்றூர் ஒன்று. மக்கள் 8,000 பேர். நம் பெரிய பஞ்சாயத்து ஒன்றைப் போன்றது. ஹேசல்டனைப் பார்த்து அதே ஆண்டில் அவர்களும் ஒரு சட்டம் செய்தார்கள். பிரேசில் நாட்டவர் பலர் ஊரைவிட்டுப் போயினர். அவர்களை நம்பி நடந்த கடைகள் மூடப்பட்டன, கடைத்தெரு வெறிச்சோடியது. வழக்குச் செலவு 82,000 டாலரை எட்டியது. 2007 செப்டம்பரில், சட்டத்தைச் செய்த ஊர்மன்றமே அதை ரத்து செய்துவிட்டது.

அதே 2007இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரம் வேறு வழியிற் சென்றது. ஆவணம் இல்லாத தொழிலாளர்களால் பாங்கியில் கணக்கு வைக்க முடிவதில்லை. கூலியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். திருடர்கள் அதைத் தெரிந்துகொண்டு வழிமறிக்கிறார்கள். அடிபட்டவர்களோ போலீசுக்குப் போக அஞ்சுகிறார்கள். இந்நிலையைக் கண்ட நகர மன்றம், நகரில் வசிக்கும் எவரும் பெறக்கூடிய ஓர் அடையாள அட்டையைக் கொண்டு வந்தது. பெரியவர்களுக்கு 10 டாலர், சிறுவர்களுக்கு 5 டாலர் கட்டணம். நூலகத்திலும் பூங்காவிலும் அது செல்லும். ‘இவர் இந்நாட்டில் இருக்க உரிமை பெற்றவர்’ என்று அவ்வட்டை சொல்லவில்லை. அது நகர மன்றத்தின் அதிகாரத்தில் இல்லை. ‘இவர் இவ்வூரில் வசிக்கிறார்’ என்று மட்டும் சொல்லியது. அது நகர மன்றம் அறிந்த விஷயம். இந்த வரம்பை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள் என்பது நம் கருத்து.

டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி வழக்கொன்றையும் சொல்லிவிடுவோம். டைலர் என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம், முறையான அனுமதியின்றி வந்தோரின் பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. கூலிக்காரர் எங்கே போவார்! 1982இல் அந்நாட்டு உச்சநீதி மன்றம், பெற்றோர் செய்ததற்காகப் பிள்ளைகளுக்குக் கல்வியை மறுக்கக் கூடாதென்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஒரு வாக்கில் தப்பியது. இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றி நாம் பெருமையாகவே சொல்லலாம். தொடக்கத்திலிருந்தே முகாம்ப் பிள்ளைகள் நம் பிள்ளைகளுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்திருக்கிறார்கள். 1991ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் சேர்க்கைக்குச் சில காலம் கட்டுப்பாடு வந்ததும் அது பின்னர்த் தளர்ந்ததும் பழைய ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும்.

வெளிநாட்டுக் கதைகளை இத்துடன் நிறுத்தி, நம் தண்ணீர்க் குழாய்க்கு வருவோம். முகாமையும் கிராமத்தையும் பிரிக்கும் தகராறுகளிற் பத்துக்கு எட்டு தண்ணீரில் தொடங்குபவை. இதற்கு ஒரு காரணம் உண்டு. முகாம் கட்டடமும் உதவித் தொகையும் மறுவாழ்வுத் துறையும் வருவாய்த் துறையும் பார்ப்பவை. போர்வெல்லும் மோட்டாரும் பெரும்பாலும் பஞ்சாயத்தின் கையில். மோட்டார் எரிந்துவிட்டால், ‘அது முகாம் மோட்டார், தாசில்தாரைக் கேள்’ என்று பஞ்சாயத்தில் சொல்வார்கள். ‘அது பஞ்சாயத்து மோட்டார்’ என்று தாலுகா அலுவலகத்தில் சொல்வார்கள். நடுவிலே குடத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் ஊருக்குள் வருவார்கள். குழாயடியில் வாய்ச்சண்டை மூளும். மாலைக்குள் அது இளைஞர்களின் கைகலப்பாகிவிடும். மறுநாள் நாம் ஜீப்பில் போய்ச் சமாதானம் பேசுவோம். மோட்டாருக்குச் சுருள் கட்ட ஆகும் செலவைவிட அந்த ஜீப்பின் டீசல் செலவு கூடுதல் என்று ஒருமுறை நம் கணக்கர் கூறியது முழுவதும் வேடிக்கை அன்று. ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான்: முகாமில் உள்ள ஒவ்வொரு மோட்டாரும் தொட்டியும் விளக்கும் யாருடைய சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது, மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள், பழுதானால் யார் சரிசெய்வது என்பதை வருவாய் ஆய்வாளரோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடை வருமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

வடிகால் விஷயம் இன்னும் சிக்கலானது. முகாம்களைத் தாழ்ந்த புறம்போக்கில் அமைத்திருக்கிறார்கள். கழிவுநீர் அருகிலுள்ள வயலில் இறங்குகிறது. அந்த வயற்காரர் கோபப்படுவதில் தவறில்லை. ஆனால் அவர் கோபம் யார்மேல் திரும்ப வேண்டும்? 500 பேருக்கு வீடு கட்டிக் கழிவுநீர்க் கால்வாய் வெட்டாமல் விட்டது அங்கே குடியிருப்பவர்களின் பிழை ஆகாது. உறிஞ்சு குழியோ கால்வாயோ அமைத்து அவ்வயலைக் காப்பது பஞ்சாயத்தின் பொறுப்பு. டெங்குக் கொசுவும் முகாமில் பிறந்து முகாமிலேயே இருப்பதில்லை. குளோரின் போடும் ஊழியரும் மருந்தடிக்கும் ஊழியரும் முகாம் வாயிலோடு திரும்பி வந்துவிட்டால் நஷ்டம் ஊருக்குத்தான்.

கிராம சபையைப் பற்றியும் கேட்கிறீர்கள். வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே சபையின் உறுப்பினர்கள். முகாமில் இருப்போர் தீர்மானத்திற்கு வாக்களிக்க முடியாது. அதனால் அவர்கள் குறையை யார் காதிலும் போடக்கூடாது என்றாகிவிடாது. அவர்கள் தலைவரிடம் மனுக் கொடுக்கலாம். வார்டு உறுப்பினர் அதைத் தம் பேச்சில் எடுத்துச் சொல்லலாம். வாக்கு இல்லாதவர்களுக்காகப் பேசினால் என்ன பயன் என்று எண்ணும் உறுப்பினர் சிலர் இருக்கலாம். அவர்களிடம் நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கூலியைப் பற்றி விவசாயிகள் நன்கறிவர். முகாம் ஆட்கள் பெயிண்ட் அடிப்பதிலும் கொத்து வேலையிலும் கைதேர்ந்தவர்கள். அறுவடைக் காலத்தில் வயலுக்கும் வருகிறார்கள். ‘அவன் எங்கே புகார் கொடுக்கப் போகிறான்’ என்று கூலியிற் பத்து இருபது குறைத்துக் கொடுப்பவர் சிலர் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. இதனால் கெடுவது முகாம்காரர் மட்டுமன்று. அடுத்த பருவத்தில் உள்ளூர்க் கூலியும் அதே மட்டத்திற்கு இறங்கிவிடும்.

இனி, நாம் மிக முக்கியமென்று கருதும் விஷயத்திற்கு வருகிறோம். அதுதான் பிறப்புப் பதிவு.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், நிகழ்ந்த பிறப்பைப் பதியச் சொல்கிறது. பெற்றோர் எந்நாட்டவர் என்பது பதிவுக்குத் தடை ஆகாது. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமே இல்லை. சின்ன வேலைதான், ஆனால் அதில் என்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26ஆம் தேதி முதல் 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பினாலேயே இந்தியக் குடிமகன். அந்நாள் முதல் 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்கு முன்வரை பிறந்தவரானால் தாய் தந்தையருள் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதன் பின்னர்ப் பிறந்தவரானால், பெற்றோரில் ஒருவர் குடிமகனாயிருந்தாலும் மற்றவர் சட்ட விரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. நம் ஊர்ப் பையன் முகாமுப் பெண்ணை மணந்துகொண்ட குடும்பங்களிற் பல, இக்கடைசி விதியை அறியாமலே இருக்கின்றன. ஆக, ஒருவர் பிறந்த தேதியும் இடமும் அவர் வாழ்க்கையையே நிர்ணயித்துவிடுகின்றன.

இது வெறும் ஏட்டுச் சட்டம் அன்று என்பதற்கு ஒரு சான்று. 1986ஆம் ஆண்டில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார். முகாம்வாசி என்பதால் மறுக்கப்பட்டது. அவர் உயர்நீதி மன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1987 ஜூலைக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர், ஆகவே இந்தியர். பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதன் முறையாக வாக்களித்தார். அவர் கையில் இருந்தது பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். 1986இல் யாரோ ஒரு பதிவாளர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்; 36 ஆண்டுகள் கழித்து அது பலன் தந்தது. இலங்கைக்கே திரும்பிப் போக விரும்புகிறவருக்கும் இக்காகிதமே வேண்டும். இங்குப் பிறந்த பிள்ளையை அந்நாட்டுக் குடிமகனாகப் பதிய, சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் முதலிற் காட்ட வேண்டியது இந்தியப் பிறப்புச் சான்றுதான்.

1983க்கும் 1987க்கும் இடையே முகாம்களில் பிறந்தவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி நடக்கிறது. அவர்களில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களின் பதிவு கிடைத்துவிடும். குடிசையில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்களே திண்டாடுகிறார்கள். இவர்களுக்காகப் பஞ்சாயத்து செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு; அதற்கு ஒரு காசு செலவில்லை. உங்கள் எல்லைக்குள் உள்ள முகாமில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள் யார் யார் என்று முகாம்த் தலைவரைக் கொண்டு ஒரு பட்டியல் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரோடு சேர்ந்து பழைய பதிவேடுகளைத் தேடுங்கள். தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேட வேண்டியிருக்கலாம். பதிவு இருந்தால் சான்று வாங்கிக் கொடுங்கள். இல்லாவிடில் ‘பதிவு இல்லை’ என்ற சான்றைப் பெற்று, ஓராண்டுக்கு மேற்பட்ட தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியரின் ஆணை கோரி விண்ணப்பிக்கச் செய்யுங்கள். அங்கே பிறந்த இடத்திற்கும் தேதிக்கும் ஆதாரம் கேட்பார்கள். பள்ளியில் முதலிற் சேர்த்த பதிவேடு உதவும். முகாமின் பழைய குடும்ப அட்டை உதவும். இவை இரண்டும் இல்லாதவர்களுக்கு, அன்று பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் பக்கத்துக் குடிசையில் இருந்த மூதாட்டியும்தான் சாட்சி. அவர்களிற் பலருக்கு இப்போது எண்பது வயதாகிவிட்டது. ஆகவே பட்டியலை அடுத்த மாதக் கூட்டத்திற்குள் எடுத்து, அந்த மூதாட்டிகளின் வாக்குமூலத்தை முதலில் எழுதி வாங்கிவிடுங்கள். பதிவேடு தேடும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.